பொடவுக்கு யாரைக் கேட்டுக் கம்பி போட்டீங்க?

எங்க பக்கம் குகைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பொடவு என்போம். பெரிய பாறைக்கு அடியில் நாலு பேர் மழைக்கு ஒதுங்க இடம் இருந்தால் அது பொடவு. உள்ளே கல்லில் படுக்கை வெட்டியிருந்தால் பஞ்சபாண்டவர் படுக்கை. 'சமணர் படுக்கை' என்பது பலகை வைத்த பிறகு எங்களுக்கு வந்து சேர்ந்த பேர். போரா குகை மாதிரி, விழுதும் தூணுமா தொங்குகிற சுண்ணாம்புக் குகையை மனசில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்து போவீங்க. இது கருங்கல் மலை. பாறைச் சரிவில் ஒரு வாய், உள்ளே வழவழப்பாகத் தேய்த்த படுக்கைகள், தலைமாட்டில் லேசான மேடு, நெற்றியில் எங்காவது ஒரு வரி எழுத்து. அவ்வளவுதான். ஆனால் மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர் என்று எங்க வட்டாரத்துப் பொடவுகளில் இருக்கிற அந்த ஒரு வரி எழுத்துக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் வயசு.

எங்க ஊர் மலையிலும் ஒரு பொடவு இருக்கு. ஊர் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பத்து பைக் வந்து நிற்கும்.

அந்தப் பொடவைச் 'சீரமைத்து மேம்படுத்த' ஒரு திட்டம் வருதாம். பொதுமக்கள் முப்பது நாளுக்குள் கருத்து சொல்லலாமாம். எங்களுக்கு விஷயம் தெரிந்தது பன்னிரண்டாவது நாள். சென்னையில் வேலை பார்க்கிற எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் பிடிஎஃப்-ஐ வாட்ஸ்அப்பில் அனுப்பினான். முழுக்க இங்கிலீஷ். மலைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்க ஊர் மந்தையில் ஒரு நோட்டீஸ் கிடையாது, பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு தாள் கிடையாது. ஆனால் நாளைக்கு யாராவது கோர்ட்டுக்குப் போனால், "கருத்துக் கேட்டோம், எதிர்ப்பு ஏதும் வரவில்லை" என்று எழுதிக் கொடுக்க அந்த முப்பது நாள் போதும்.

கோபமா எழுதறேன்னு நினைக்காதீங்க. கோபம் போன தடவையே வந்து போயாச்சு.

போன தடவை என்றால் சில வருஷத்துக்கு முன்னால். அப்பவும் ஒரு மேம்பாட்டு வேலை நடந்தது. பொடவுக்கு ஏறிப் போகப் படி கட்டினாங்க. அதுவரைக்கும் பாறையிலேயே பழைய காலத்தில் வெட்டின குழிப்படி இருந்தது. கால் வைக்க மட்டும் இடம், அதுவும் சரிவு பார்த்து வளைந்து வளைந்து போகும். புதுசா வந்த ஒப்பந்தக்காரர் கீழிருந்து மேலே நேர்கோடு போட்டு, ஜல்லி கொட்டி, சிமெண்டுப் படியும் ரெண்டு பக்கம் கைப்பிடிச் சுவரும் எழுப்பிட்டார். பார்க்க அம்சமாத்தான் இருந்தது. மேலே போட்டோ எடுக்க மேடை வேறு.

அந்த ஐப்பசியில் மழை பெய்தபோதுதான் கூத்து தெரிந்தது. எங்க மலை மொட்டைப் பாறை. பெய்கிற மழையில் பெரும்பகுதி உள்ளே இறங்காது, வழிந்துதான் வரும். வழிந்து வருகிற தண்ணீர் பாறைச் சரிவில் ரெண்டு மூணு தடத்தில் ஒன்று சேர்ந்து, ஓடையாகி, கண்மாய்க்கு வரும். பெரியாத்துத் தண்ணி எங்க கண்மாய்க்குக் கடைசியாத்தான் எட்டிப் பார்க்கும். முதல் தண்ணி எப்பவும் மலைத்தண்ணிதான். நாத்து விடலாமா வேண்டாமா என்று நாங்க முடிவு செய்வதே அதைப் பார்த்துத்தான். புதுப் படியின் கைப்பிடிச் சுவர் அந்தத் தடத்தில் பெரிய ஒன்றைக் குறுக்கே மறித்துவிட்டது. தண்ணி சுவரை ஒட்டியே ஓடி, மறுபக்கம் விழுந்து, ஒருத்தருடைய கடலைக் கொல்லையை அரித்துக்கொண்டு ரோட்டுக்குப் போனது. கண்மாயில் முழங்கால் தண்ணி.

ஆடு மேய்க்கிற கீதாரி பெரியப்பா ஒருத்தர் வேலை நடக்கும்போதே அந்த மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார்: "என்னப்பு, மனுசன் ஏறப் படி கட்டிட்ட, தண்ணி எறங்க எங்க படி?" மேஸ்திரி சிரித்துவிட்டு எஸ்டிமேட்டில் அதெல்லாம் இல்லை என்றாராம். உண்மைதான், எஸ்டிமேட்டில் இல்லை. எஸ்டிமேட் போட்டவர் வந்தது சித்திரை மாசம். பாறை காய்ந்து கிடந்திருக்கும்.

கடைசியில் ஊர் ஆட்கள் நாலு பேர் கடப்பாரையோடு போய்ச் சுவரில் ரெண்டு இடத்தில் வழி விட்டார்கள். அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதாகப் புகார் வரும் என்று கொஞ்ச நாள் பயந்துகொண்டும் இருந்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், 'மக்கள் கருத்து' என்றவுடன் நகரத்தில் இருப்பவர்களுக்கு வருவது ஒரு படம்: மைக் பிடித்து ஒருவர் ஆவேசமாகப் பேசுவார், இன்னொருவர் மனு கொடுப்பார், அதிகாரி தலையாட்டுவார். நான் சொல்வது அது இல்லை. பெரியப்பா கேட்டது கருத்தே இல்லை, தகவல். எந்தப் பொறியாளருடைய அளவுநாடாவிலும் கிடைக்காத தகவல். ஐம்பது வருஷம் அந்தப் பாறையில் நடந்த காலுக்கு மட்டும் தெரிந்தது. வேலை தொடங்கும் முன்பு ஒருத்தர் அவரோடு ஒரு சாயங்காலம் நடந்திருந்தால் போதும்.

தண்ணி மட்டுமில்லை. பொடவின் வாய்க்கு மேலே, நெற்றியில், நீளமா ஒரு காடி வெட்டியிருக்கும். பாறையில் வழிந்து வருகிற மழைநீர் உள்ளே ஒழுகாமல் அந்தக் காடியில் அறுந்து வெளியே சொட்டும். யாரோ ஒருத்தர் உளியால் செய்தது, இன்றைக்கும் வேலை செய்கிறது. அதற்குச் சரியாக மேலே விளக்குக் கம்பம் நிறுத்தவோ கைப்பிடிக் கம்பி நடவோ துளை போட்டால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துளையில் தண்ணி இறங்கும், கம்பி துருப்பிடித்து உப்பும், பாறை விரிசல் விடும், துருத் தண்ணி எழுத்து மேலே வழியும். புதுத் திட்டத்தில் 'அலங்கார விளக்குகள்' என்று ஒரு வரி இருக்கு. எந்த இடத்தில் என்று இல்லை.

விளக்கு போடப் போகிற பொடவுக்குள் வவ்வால் இருக்கு. பூச்சி தின்னுகிற சின்ன வவ்வால். பொழுது சாய்ந்ததும் வாயிலிருந்து புகை மாதிரி கிளம்பி எங்க வயல் பக்கம்தான் வரும். ராத்திரியில் பறக்கிற அந்துப்பூச்சி அதுகளுக்குச் சாப்பாடு. நான் மருந்து அடிக்கிற செலவில் அதுகளுக்கும் ஒரு பங்கு இருக்கு, கணக்குப் போட்டுக் காட்ட முடியாது, அவ்வளவுதான். ராத்திரி பூரா பளீரென்று வெளிச்சம் அடித்தால் அதுகள் ஏன் இருக்கப் போகின்றன?

அப்புறம் மலைத்தேன். பாறை விளிம்பில் தார் பூசின மாதிரி பெரிய பெரிய அடையாகத் தொங்கும். பூ இருக்கிற காலத்தில் வரும், பூ முடிந்தால் போகும். அது இருக்கும்போது அந்தப் பக்கம் புகை போடக் கூடாது, சத்தம் போடக் கூடாது, ட்ரோன் விடுவது சுத்தமா கூடாது. போட்டோ மேடை கட்டின இடம் தேன்பாறைக்கு நேர் கீழே. இதையும் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்ல வாய்ப்பில்லை.

வல்லூறு, கழுகு எல்லாம் இந்த மாதிரிப் பாறை முகப்பில்தான் கூடு வைக்கும். அரிட்டாபட்டியைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரியும், லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, பொனெல்லி கழுகு என்று மூன்று வேட்டைப் பறவைகளை அங்கே முக்கியமாகச் சொல்வார்கள். அதுகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பது பெரும்பாலும் மார்கழிக்கும் பங்குனிக்கும் நடுவே. வெயில் குறைச்சல் என்று நீங்க மலையேறக் கிளம்புவதும் அதே மாசங்களில்தான்.

அரிட்டாபட்டி என்றதும் நினைவுக்கு வருவது டங்ஸ்டன்தான் இல்லையா. அதற்கும் என் பொடவுக் கதைக்கும் சம்பந்தம் இருக்கு.

அரிட்டாபட்டி எங்க மேலூர் பக்கம்தான். ஏழு குன்று, 72 ஏரி, 200 சுனை, 3 தடுப்பணை என்று அரசே கணக்குச் சொல்கிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. சரியா ரெண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அந்த வட்டாரத்தில் 2015.51 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றத்தில் தீர்மானம். 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கான ஜனம் நடந்தே போனது. ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதற்கும் முன்னால் கிரானைட் குவாரிக்காரர்கள் அந்த மலை மேல் கண் வைத்தபோதும் ஊர்தான் எதிர்த்து நின்றது. ஊர் எதிர்த்து நிற்க முடியாமல் போன இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் கீழவளவுப் பக்கம் ஒரு தடவை போய் வாருங்கள். சோப்புக் கட்டியை அறுத்த மாதிரி மலை நிற்கும்.

ஆக, மலையே போய்விடும் என்கிற நிலைமையில் ஊரின் வார்த்தை எடுபடுகிறது. எல்லாக் கட்சியும் வருகிறது, தொலைக்காட்சி வருகிறது. ஆனால் மலை தப்பித்த பிறகு அதை எப்படி வைத்துக்கொள்வது, எங்கே படி போடுவது, எங்கே கம்பி போடுவது, எந்த மாசம் அடைப்பது, யார் பார்த்துக்கொள்வது என்கிற அன்றாட விஷயத்தில் ஊரை யாரும் கண்டுகொள்வதில்லை. போராட மட்டும் ஊர் வேண்டும், பராமரிக்க ஒப்பந்தக்காரர் போதும். இதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அரிட்டாபட்டி கழிஞ்சமலையில் தீர்த்தங்கரர் சிற்பம் ஒன்று இருக்கு. அதன் கீழே வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு. பொற்கோட்டுக் கரணத்தார் பேரில் அச்சணந்தி செய்வித்த திருமேனி என்று சொல்லிவிட்டு, கடைசியில் 'பாதிரிக்குடியார் ரக்ஷை' என்று முடிகிறது. பாதிரிக்குடி மக்களின் பாதுகாப்பு என்று அர்த்தம். செய்யச் சொன்னவர் பேர் இருக்கு, செய்வித்த துறவி பேர் இருக்கு, காப்பாற்ற வேண்டியவர் யார் என்கிற இடத்தில் ஊர்க்காரர்கள் பேர் இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மேலாண்மைத் திட்டத்தை ஒரே வரியில் எழுதி, கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். முதல் தடவை அதன் பொருளை ஒரு தொல்லியல் ஆர்வலர் சொல்லக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவுக்கும் அந்தச் சிற்பம் எங்களுடைய சாமி இல்லை. அந்த மதத்துக்காரர்கள் அந்த ஊரில் இப்போது இல்லை. ஊர் இருக்கு, ரக்ஷையும் நடந்திருக்கு. அதே மலையில் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலை இடைச்சி மண்டபம் என்று ஊரில் சொல்கிறார்கள். பேரை மாற்றிச் சொன்னாலும் விட்டுவிடவில்லை பாருங்க.

சட்டம் என்ன சொல்கிறது என்று அந்தச் சென்னைப் பையனை வைத்துத்தான் படித்தேன். 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துதான் இப்படிப்பட்ட தலங்களை அறிவிக்க வேண்டும் என்கிறது. அதனால் வாழ்வாதாரம் பாதிக்கப்படுகிறவர்களுக்கு இழப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கு. 41-ஆவது பிரிவில் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்லியிருக்கு. தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஊர் மக்களின் வழக்கமான பழக்கங்களுக்கு, அவர்களாக விரும்பி முடிவு செய்தால் தவிர, கட்டுப்பாடு எதுவும் வரக் கூடாது. எழுத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கு. எங்க பஞ்சாயத்தில் அந்தக் குழு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். உறுப்பினர் யார் என்று உறுப்பினர்களுக்குத்தான் தெரியவில்லை.

நினைவுச்சின்னம் என்று வந்துவிட்டால் வேறு சட்டம், வேறு துறை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம் என்றால் நூறு மீட்டருக்குள் கட்டுமானம் தடை, அதற்கப்பால் இருநூறு மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். கிணறு தூர் வாரக்கூட யாரைக் கேட்பது என்று விவசாயி முழிக்கிற தூரம் அது. மலை ஒரு துறைக்கு, காடு ஒரு துறைக்கு, சுற்றுலா ஒரு துறைக்கு, கண்மாய் இன்னொரு துறைக்கு. மேலிருந்து கீழே ஓடி வருகிற தண்ணி மட்டும் ஒன்று.

இப்போது இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்க ஊர் ஆளுங்களே சிரிப்பாங்க. ஊர் என்றால் எல்லாரும் உத்தமர் இல்லை. பொடவுச் சுவரில் இருக்கிற அம்பு விட்ட இதயங்களில் பாதி எங்க ஊர்ப் பசங்க வரைந்ததுதான். பாட்டில் உடைக்கிறவனும் இருக்கான். புதையல் இருக்குன்னு எவனோ சொன்ன பேச்சைக் கேட்டுப் படுக்கையை நோண்டினவர்களும் உண்டு. மழைக்காலத்தில் உள்ளே அடுப்பு மூட்டி, சூட்டில் பாறை பொருக்கு பொருக்காக உதிர்ந்திருக்கு. இதை யாரும் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கம்பிக் கதவு போட்டதில் நன்மை இருக்கு, கிறுக்கல் குறைந்திருக்கு.

'ஊரைக் கேளுங்க' என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கு. ஊரைக் கேட்டால் யார் பேசுவது? நாலு பெரிய வீட்டு ஆம்பளைங்க மந்தையில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். அவர்களில் பலர் பொடவுப் பக்கம் போய் வருஷக்கணக்காகிறது. தினம் மலைக்குப் போகிறவர்கள் ஆடு மேய்க்கிறவர்களும், விறகு பொறுக்கவும் சுனைத் தண்ணிக்கும் போகிற பொம்பளைகளும்தான். என் அப்பத்தா எந்தச் சுனை எந்த மாசம் வற்றும் என்று வரிசையாகச் சொல்லும். அது கிராம சபைக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை, யாரும் வரச் சொன்னதுமில்லை. ஆகவே ஒரு கூட்டம் போட்டு நாற்பது கையெழுத்து வாங்கிவிட்டால் மக்கள் கருத்து ஆகிவிடாது. மலைக்கு நடந்து போய், அங்கே கேட்க வேண்டியவரை அங்கேயே கேட்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து ஒரு சம்பவம் சொல்கிறேன், இதற்கு ரொம்பப் பொருத்தம். அமெரிக்காவில் டஹோ ஏரிக் கரையில் கேவ் ராக் என்று ஒரு குகைப் பாறை. வாஷோ என்கிற பூர்வகுடி மக்களுக்குப் புனிதமான இடம். பாறையேற்றக்காரர்கள் அங்கே வந்து பாறை நெடுக போல்ட் அடித்தார்கள், குகைக்குள் உட்கார வசதியாகக் கல் பதித்துத் தளமும் போட்டார்கள். வனத்துறை பல வருஷம் எல்லாத் தரப்பையும் கேட்டது. ஏறுகிறவர்கள் எண்ணிக்கையிலும் சத்தத்திலும் அதிகம். வாஷோ மக்கள் கொஞ்சம் பேர். தலையை எண்ணி முடிவு செய்திருந்தால் ஏறுகிறவர்கள்தான் ஜெயித்திருப்பார்கள். 2003-இல் வனத்துறை பாறையேற்றத்தைத் தடை செய்தது, 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது சரி என்றது. அதற்குப் பிறகு போல்ட்டுகளைப் பிடுங்கி, போட்ட தளத்தையும் பெயர்த்து எடுத்தார்கள். சீரமைப்பு என்றால் புதுசாகக் கட்டுவது என்றுதான் நம் ஒப்பந்தக்காரர்களுக்குப் பழக்கம். கட்டினதை எடுப்பதும் சீரமைப்புத்தான். எங்க பொடவுக்கு அந்தச் சீரமைப்புத்தான் முதலில் வேண்டும்.

இதில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டால், நிறைய இருக்கு. முப்பது நாள் அவகாசம், இங்கிலீஷ் பிடிஎஃப், மின்னஞ்சல் முகவரி, இந்த மூன்றும் எங்களைவிட உங்களுக்குத்தான் கைக்கு அடக்கம். நீங்க எழுதுகிற நாலு வரி கோப்பில் ஏறும். அப்படி எழுதும்போது 'கழிப்பறை வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும், செல்பி பாயின்ட் வேண்டும்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீங்க. அது வருகிறவருடைய தேவை. கழிப்பறை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், சுனைக்கு மேலே வேண்டாம். 'மலையடி ஊரைக் கேட்டீர்களா, எப்போது, யாரை, எந்த மொழியில்' என்று ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்க. அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுத அவர்கள் ஊருக்கு வந்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை 'குகை சுத்தம் செய்யும் இயக்கம்' என்று பனியன் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிளாஸ்டிக் பொறுக்குங்க, புண்ணியமாப் போகும். சுவரில் இருக்கிற பெயிண்டை இரும்பு பிரஷ் வைத்துத் தேய்க்காதீங்க, ஆசிட் ஊற்றாதீங்க. பெயிண்டுக்கு அடியில் எழுத்து இருக்கலாம். அதை எடுக்கத் தெரிந்த ஆட்கள் இருக்காங்க, அவர்களை வரவழைக்கத்தான் மனு போட வேண்டும். 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் வந்தபோது கொடைக்கானல் குணா குகைக்கு எத்தனை கூட்டம் போனது என்று பார்த்தோம். படத்தில் வந்த கதையே அங்கே விழுந்த ஒருத்தனைக் காப்பாற்றின கதை, அதைப் பார்த்துவிட்டு அங்கேயே போகிறார்கள். ஒரு சினிமாவில் எங்க பொடவு வந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசித்துப் பார்ப்பதே இல்லை.

எங்க ஊரில் இப்போதைக்கு நடந்திருப்பது இவ்வளவு. வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அடுத்ததில் தீர்மானமாக வைக்க ஒரு தாள் எழுதியிருக்கிறோம். கைப்பிடிச் சுவரைக் கீழ்ப்பாதியிலாவது எடுத்துவிட்டுத் தண்ணித் தடத்தைப் பழையபடி விட வேண்டும். பழைய குழிப்படியே போதும், ஏற முடியாதவர்களுக்குக் கீழே ஒரு பலகையில் படமும் கல்வெட்டின் வாசகமும் வைக்கலாம். இதில் ஊரிலேயே ரெண்டு கருத்து இருக்கு, வயசானவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று ஒரு வாத்தியார் கேட்கிறார், நியாயமான கேள்விதான், இன்னும் பேசி முடியவில்லை. விளக்கு வேண்டாம். பறவை கூடு வைக்கிற, தேன் அடை தொங்குகிற மாசங்களில் மேல்பாறைக்கு யாரும் போகக் கூடாது. அந்த நாட்களில் ஆடும் அந்தப் பக்கம் போகாது என்று கீதாரிகள் தாங்களாகவே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆட்சேபணைக் காலம் முடிவதற்குள் இதையெல்லாம் இங்கிலீஷில் மாற்றி அனுப்பும் வேலை சென்னைப் பையனுடையது.

கடைசி வரி சாவியைப் பற்றியது. கம்பிக் கதவின் சாவி இப்போது இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆபீஸ் மேஜை டிராயரில் இருக்கு. போன மழையில் கம்பி சந்துக்குள் ஒரு வெள்ளாட்டுக் குட்டி புகுந்து மாட்டிக்கொண்டது. அதை எடுக்க ஒரு பகல் ஒரு ராத்திரி ஆனது, கதவின் கீழ்க்கம்பி வளைந்ததும் அப்போதுதான். சாவி ஒன்று ஆபீஸில் இருக்கட்டும். இன்னொன்று ஊரில் இருக்க வேண்டும், யார் கையில் என்பதைக் கிராம சபை முடிவு செய்யும். கீதாரி பெரியப்பா பேரைத்தான் எழுதியிருக்கிறோம். "எனக்கு எதுக்கப்பு சாவி, தொலைச்சிருவேன்" என்கிறார். அவர் மகள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கு.